பராமரிப்பே வேண்டாத விறாந்தைப் பலகையா? வாங்குமுன்னும் விற்குமுன்னும் சில வார்த்தைகள்

 

கொழும்பிலிருந்து வரும் விற்பனைப் பிரதிநிதிகளின் கைப்பையில் இப்போது ஒரு மாதிரிப் பலகைத் துண்டு தவறாமல் இருக்கிறது. மரம் போலிருக்கும், மரமில்லை. 'டெக்' என்கிறார்கள், 'கம்போசிட்' என்கிறார்கள், 'டபிள்யூ.பி.சி.' என்கிறார்கள். கறையான் அரிக்காது, உக்காது, பெயின்ற் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒருமுறை போட்டால் பராமரிப்பே இல்லை என்பது அவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் வசனம். பாசிக்குடாவில் 2011 ஆம் ஆண்டுக்குப் பின் எழும்பிய ஹோட்டல்களையும், வாவிக்கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருக்கும் விருந்தினர் இல்லங்களையும் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் பிள்ளைகளும் வீட்டு விறாந்தைக்கு இதைத்தான் போடச் சொல்கிறார்கள். ஹார்ட்வெயார் வைத்திருக்கும் எங்களிடம் தினமும் கேள்வி வருகிறது. வாங்கப் போகிறவர்களுக்கும், கையிருப்பில் போட்டு விற்கப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பலகை என்ன பொருள் என்று தெரிந்துகொள்வோம். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூட்டில் குழைத்து, அச்சு வழியாகத் தள்ளிப் பலகையாக எடுக்கிறார்கள். பெரும்பாலான பலகைகளில் பாதி அல்லது பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மரத்தூள் இருக்கும். மீதி பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக், நிறமூட்டி, வெயில் தாங்குவதற்கான மருந்துகள். சில நாடுகளில் மரத்தூளுக்குப் பதிலாக மூங்கில் தூளும் நெல் உமியும் சேர்க்கிறார்கள். (நமது பகுதி அரிசி ஆலைகளின் பின்னால் மலைபோல் உமி குவிந்து கிடக்கிறது. வைக்கோலை நம்பி 1950 களில் வாழைச்சேனையில் காகித ஆலையே கட்டினார்கள். உமியை நம்பி ஒரு பலகை ஆலை போட எந்த இளைஞராவது கணக்குப் பார்த்தாரா என்று அடிக்கடி நினைப்பதுண்டு. அது வேறு கதை.)

இந்தத் தொழில் அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது. எண்ணெய்க் கம்பனியான மொபில், பழைய பிளாஸ்டிக் பைகளையும் மரத்தூளையும் கலந்து பலகை செய்த தனது பிரிவை விற்க, 1996 இல் 'ட்ரெக்ஸ்' கம்பனி தனியாக உருவானது. பின்னர் பல கம்பனிகள் வந்தன. ஆரம்பத்தில் அங்கேயும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள்: பராமரிப்பு இல்லை. சில வருடங்களில் பலகையின் மேற்பரப்பில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்தது, நிறம் வெளிறியது, சிலருக்கு மேல்தோல் உரிந்தது. வழக்குகள் நடந்தன. காரணம் இலகுவானது. பிளாஸ்டிக் கலந்தாலும் உள்ளே இருப்பது மரத்தூள்தான். மேற்பரப்பில் வெளித்தெரியும் தூள் தண்ணீர் குடிக்கும். ஈரமும் நிழலும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. அதன்பிறகுதான், 2010 ஆம் ஆண்டையொட்டி, பலகையைச் சுற்றித் தனிப் பிளாஸ்டிக் தோல் போர்த்திய இரண்டாம் தலைமுறைப் பலகைகள் பெரிதாகச் சந்தைக்கு வந்தன. இன்று இரண்டு வகையும் விற்பனையாகின்றன. நமது ஊருக்கு விலை குறைவாக வருவதில் பெரும்பகுதி தோல் போர்த்தாத பழைய வகை என்பதே எனது அவதானம். பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "தோல் போர்த்தியதா, போர்த்தாததா? போர்த்தியது என்றால் நான்கு பக்கமுமா, மேற்பக்கம் மட்டுமா?" என்பதுதான். துண்டின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தோல் ஒரு நிறமாகவும் உள்ளே இன்னொரு நிறமாகவும் இருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. சமையலறை அலுமாரிக்கும் கதவு நிலைக்கும் 'டபிள்யூ.பி.சி.' என்று நாம் விற்கும் வெள்ளைப் பலகை வேறு, அது பீ.வி.சி. நுரைப் பலகை. வெயிலில் நிலத்துக்குப் போடும் பொருள் அல்ல. 'கிளிக்' முறையில் பூட்டும் எஸ்.பி.சி. தரைப் பலகையும் வீட்டுக்குள் போடுவதற்கே உரியது. வெயிலும் மழையும் அடிக்கும் விறாந்தையில் அதைப் போட்டுவிட்டுப் பிறகு விற்ற கடைக்காரரைத் தேடுகிறார்கள். ஒரே பெயரில் மூன்று சாமான் இருக்கும்போது, எது எங்கே பாவிப்பதற்கு என்று சொல்லிக் கொடுப்பது விற்பவனின் கடமை.

இனி நமது மண்ணைப் பற்றிப் பேசுவோம். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். காத்தான்குடி போன்ற ஊர்கள் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று ஒடுங்கிய நிலத்தில் இருக்கின்றன. இரு பக்கமும் உப்புக் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் மேசைப் பலகையே வெடிக்கும். மரமெல்லாம் வரண்டு சுருங்கும். பிறகு வாடை தொடங்கினால் வருடத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மாசி வரையான மாதங்களில் கொட்டித் தீர்க்கும். துணி காயாது, சுவர் வியர்க்கும். தாழ்ந்த வளவுகளில் வெள்ளம் நின்று வடிய நாட்களாகும். இதற்கு மேல் கறையான். ஆக ஒரு பலகை இங்கே நின்றுபிடிக்க வேண்டுமானால் சூடு, ஈரம், உப்பு, கறையான் ஆகிய நான்கையும் தாங்க வேண்டும்.

கம்போசிட் பலகை இந்த நான்கில் எதைத் தாங்கும்? கறையானை நன்றாகவே தாங்கும். உப்பால் பலகைக்குப் பெரிய சேதமில்லை. ஈரத்தைத் தோல் போர்த்தியது நன்றாகத் தாங்கும். போர்த்தாதது ஓரளவு தாங்கும். சூட்டில்தான் பிரச்சினை. பிளாஸ்டிக் சூட்டில் நீளும். நம்மூர் மதிய வெயிலில் திறந்த இடத்தில் கிடக்கும் கடும் நிறப் பலகையின் சூடு 60 பாகையைத் தொடக்கூடியது. அதிகாலைக்கும் மதியத்துக்கும் இடையில் 2.9 மீற்றர் பலகை ஒன்று சுமார் நான்கு மில்லிமீற்றர் வரை நீண்டு சுருங்கும். மரம் நீளப் பக்கத்தில் இப்படி நீளாது என்பதால் மரவேலை பழகிய நமது ஓடாவிமார் பலகையைப் பலகையோடு இறுக்கி முட்டவைத்து அடிக்கிறார்கள். அது மரத்துக்குச் சரி, இதற்குப் பிழை. இடம் கிடைக்காத பலகை நடுவில் முதுகு வளைத்து எழும்பும், அல்லது ஸ்குரூவைப் பிடுங்கும். பலகையின் தலைப்புகளுக்கிடையே ஐந்து மில்லிமீற்றரும், சுவரோரம் பத்து மில்லிமீற்றரும் இடைவெளி விடுங்கள். கம்பனித் தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

சூட்டோடு சேர்ந்த இன்னொரு விடயம் வெறுங்கால். நமது வீடுகளில் விறாந்தையில் செருப்பில்லாமல்தான் நடக்கிறோம். ளுஹருக்கு வுழூச் செய்துவிட்டு ஈரக்காலோடு வரும் வாப்பாமாரும் உம்மாமாரும் கறுப்பு நிறப் பலகையில் கால் வைக்க முடியாமல் துள்ளுவார்கள். வெயில் படும் இடமென்றால் மணல் நிறம், வெளிர் சாம்பல் போன்ற மெல்லிய நிறத்தை எடுங்கள். கடும் நிறம் மாதிரித் துண்டில் அழகாய்த்தான் இருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். பராமரிப்பு இல்லை என்று சொல்லும்போது நாம் எல்லோரும் மேலே தெரியும் பலகையையே பார்க்கிறோம். ஆனால் அந்தப் பலகை தன் காலில் நிற்பதில்லை. அதைத் தாங்கக் கீழே அடிச்சட்டம் வேண்டும், இறுக்க ஸ்குரூவும் கிளிப்பும் வேண்டும், அடியில் காற்றோடவும் தண்ணீர் வடியவும் வழி வேண்டும். மரத்தரையில் ஒவ்வொரு வருடமும் மேலே எண்ணெய் பூசிப் பார்த்த கவனத்தை இங்கே முதல் நாளே கீழே கொடுத்துவிட வேண்டும். கீழே கொடுக்காவிட்டால் மேலே எவ்வளவு நல்ல பலகை போட்டும் பயனில்லை.

வாவியோரத்தில் ஒரு சகோதரர் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் இதை நேரில் பார்த்தேன். பலகைக்குப் பெருந்தொகை கொடுத்தவர், அடிச்சட்டத்துக்குக் கட்டட வேலையில் மிஞ்சிய மலிவுக் கட்டைகளைப் போட்டிருக்கிறார். மண்ணிலிருந்து நாலு விரல் உயரம்கூட இல்லை. மூன்றாவது மாரி முடிய ஒரு மூலை தொய்ந்தது. கழற்றிப் பார்த்தால் பலகையில் ஒரு குறையுமில்லை. கீழே சட்டத்தைக் கறையான் தின்றுவிட்டு மண்ணாகப் பூசி வைத்திருந்தது. பலகைக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் பலகையோடு நின்றுவிட்டது.

அடிச்சட்டத்துக்கு என்ன போடலாம்? முதிரை, பாலை போன்ற கடினமான நாட்டு மரம் நன்றாக நிற்கும். ஆனால் இன்றைய விலையில் அதை மறைவாகக் கீழே போடுவதற்கு யாருக்கும் மனம் வராது. அனுமதிப் பத்திரத்தோடு வந்த மரமா என்றும் பார்க்க வேண்டும். கல்வனைஸ் பெட்டிக் குழாய் அதிகம் பாவிக்கிறார்கள். அதில் துரு தொடங்குவது குழாயின் நடுவில் அல்ல. வெட்டிய வாயிலும் வெல்டிங் வைத்த இடத்திலும்தான். அங்கே நாகப் பூச்சு வெந்து போயிருக்கும். அந்த இடங்களுக்கு நாகம் கலந்த பெயின்ற் இரண்டு தரம் அடித்து, குழாயின் வாயை மூடியால் அடைக்காவிட்டால் உப்புக் காற்று உள்ளிருந்தே தின்னும். வசதியிருந்தால் அலுமினியச் சட்டம் நல்லது. விலை கூடியது என்றாலும் வாவிக்கரைக்கு நான் அதையே சொல்வேன். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி பதினாறு அங்குலத்துக்கு மேற்படக்கூடாது. உள்ளே துளையுள்ள மெல்லிய பலகையென்றால் பன்னிரண்டு, பதினாலு அங்குலம். இந்த இடைவெளியைக் கூட்டித்தான் சில கொந்தராத்துக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். நடந்தால் பலகை பாயைப் போல் அமுங்கும்.

ஸ்குரூ சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சாதாரணமாக வருவது 304 ரகம். கடற்கரைக்கும் வாவிக்கரைக்கும் 316 ரகம் வேண்டும். அதில் மொலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுத் 'தரமான சாமான்' என்று சொல்வது நம் மத்தியில் வழக்கம். 304 உம் சரி, 316 உம் சரி, பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பாமல் பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் ரகம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிலாப்பின் மேல் போடுபவர்கள் முதலில் தண்ணீர் ஊறாத பூச்சைச் செய்துவிட்டுத்தான் சட்டம் வைக்க வேண்டும். பிறகு கழற்றிச் செய்வது இரட்டைச் செலவு. பன்னிரண்டு அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருக்க வேண்டும். சட்டங்கள் தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே கிடந்தால் ஒவ்வொன்றும் ஓர் அணைக்கட்டு. அங்கங்கே வழி விடுங்கள். அடியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவரும் வீட்டுக்காரர்தான். இடையில் ஓரிரு பலகையைக் கழற்றிப் பூட்டக்கூடியதாக வைத்தால் கீழே சேரும் குப்பையையும் எடுக்கலாம்.

துளையுள்ள பலகையா, முழுப் பலகையா என்றும் கேட்கிறார்கள். துளையுள்ளது பாரம் குறைவு, விலையும் குறைவு, லொறிக் கூலியும் குறைவு. ஆனால் தலைப்பை மூடியால் அடைக்காவிட்டால் மழைநீர் உள்ளே தங்கும். எறும்பும் குளவியும் குடியிருக்கும். ஆட்கள் அதிகம் நடமாடும் இடத்துக்கும் கதிரை மேசை இழுபடும் இடத்துக்கும் முழுப் பலகையே நல்லது.

தரம் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு சாண் துண்டை வெட்டி வாங்குங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு, வாவித் தண்ணீரில் ஒருநாள் முழுக்கப் போட்டு, துடைத்துவிட்டு மீண்டும் நிறுங்கள். நல்ல கம்பனிகளின் தாள்களில் ஒருநாளில் உறிஞ்சும் தண்ணீர் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழ் என்றே போட்டிருப்பார்கள். உங்கள் துண்டு அதைவிடப் பல மடங்கு குடித்திருந்தால் அந்தச் சரக்கு நமது மாரிக்கு ஆகாது. இன்னொரு துண்டைக் கடைக்கூரையில் வெயிலில் இரண்டு மாதம் போட்டு, நிழலில் வைத்த துண்டோடு ஒப்பிட்டால் நிறம் எவ்வளவு வெளிறும் என்பதும் விளங்கும். கையிருப்பில் இறக்க நினைக்கும் கடைக்காரர்கள் ஒரு கொள்கலனுக்கு ஓடர் கொடுக்குமுன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அந்த ஈரத்தை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டதுதான். பலகைக்கும் அது அப்படியே பொருந்தும். பூஞ்சணம் பிடிக்கும், சூடாகும், நிறம் மாறும், கீறினால் மரம் போல் சீவி எடுக்க முடியாது என்பதையெல்லாம் விற்கும்போதே சொல்லிவிட்டால், சொன்னதற்காகப் போகும் ஓரிரு வியாபாரம் போகட்டும். சிறிய ஊர். பாதிப்பேர் சொந்தக்காரர், மீதிப்பேர் அயலவர். ஒரு வீட்டு விறாந்தை பிழைத்தால் அடுத்த பெருநாளைக்குள் ஊர் முழுக்கத் தெரியும்.

உத்தரவாதப் பத்திரத்தை வாசிக்காமல் வாங்குவது நம் பழக்கம். பெரிய கம்பனிகள் வீட்டுப் பாவனைக்கு 25 வருடமும் வர்த்தகப் பாவனைக்கு 10 வருடமும் கொடுப்பதுண்டு. விருந்தினர் இல்லம் வர்த்தகக் கணக்கிலேயே வரும். அதிலும் பெரும்பாலும் பழுதான பலகைக்கு மாற்றுப் பலகை மட்டுமே. கழற்றிப் பூட்டும் கூலி உங்களுடையது. அவர்கள் சொன்ன இடைவெளியும் காற்றோட்டமும் இல்லாவிட்டால் உத்தரவாதமே செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தரவாதம் தருவது வெளிநாட்டுத் தொழிற்சாலையா, இங்கே இறக்குமதி செய்தவரா என்று பாருங்கள். 2020 முதல் பல சாமான்களின் இறக்குமதி தடைப்பட்டு, 2022 இல் டொலரே இல்லாமல் போய், 2023 இல்தான் படிப்படியாகத் தளர்ந்தது. அந்த இடைவெளியில் எத்தனை இறக்குமதிக்காரர் கடை மூடினார்கள் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும்.

விலைக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சதுர அடி இவ்வளவு என்று சொல்வது பலகைக்கு மட்டுமே. 12 அடி அகலம், 20 அடி நீளமான விறாந்தையை எடுத்துக்கொள்வோம். பலகை 140 மில்லிமீற்றர் அகலம், இடைவெளி 5 மில்லிமீற்றர், நீளம் 2.9 மீற்றர் என்று வைத்தால் 25 வரிசை வரும். வரிசைக்கு இரண்டு பலகை வைத்தால் 5.8 மீற்றர், அதாவது 19 அடி. இன்னும் ஓரடி குறையும். அந்த ஓரடிக்கு 25 துண்டு வெட்டிச் சொருகி, அதற்கு மேலதிகச் சட்டமும் வைக்க வேண்டும். பார்க்க ஒட்டுப்போட்ட சட்டை போலிருக்கும். புதிதாகக் கட்டுபவர் மேசனிடம் முன்கூட்டியே சொல்லி 19 அடியாகவே எடுத்துவிட்டால் 50 பலகையில் காரியம் முடியும். சேதத்துக்கு நாலைந்து சேர்த்துக்கொள்ளலாம். பதினாலு அங்குலத்துக்கு ஒன்றாக அடிச்சட்டம் மாத்திரம் 70 மீற்றர் அளவில் வரும். அதோடு கிளிப், ஸ்குரூ, ஓரப்பட்டி, மூடி, கூலி. 2024 ஜனவரி முதல் 18 வீதமாகிய வற் வரி சொன்ன விலைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். முழுக் கணக்கையும் எழுதி வாங்கினால், பலகை விலையோடு ஏறத்தாழ இன்னொரு பங்கு செலவாவதைப் பலர் அப்போதுதான் காண்கிறார்கள்.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? எனது அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கூரைக்குக் கீழே, நிலமட்டத்தில் உள்ள சாதாரண வீட்டு முன்விறாந்தைக்கு இது தேவையில்லை. வழுக்காத டைல்ஸ் அல்லது நம் மூத்தவர்கள் போட்ட சிவப்புச் சீமெந்துத் தரை போதும். குறைந்த செலவு, கழுவி விட்டால் முடிந்தது, வெள்ளம் வந்தாலும் பயமில்லை. வெயிலும் மழையும் நேராக விழும் திறந்த பகுதி, மேல்மாடித் திறந்தவெளி, வாவியைப் பார்த்து ஆட்கள் உட்காரும் மேடை போன்ற இடங்களில், மரம் போடத்தான் வேண்டும் என்பவருக்குக் கம்போசிட் பலகை தேக்கைவிட இலாபமாக முடியலாம். தேக்குக்கு வருடம் ஒருமுறை எண்ணெயும் கூலியும் என்று பத்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். விலையின் வித்தியாசம் அதற்குள் அடங்கினால் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் பைபர் சீமெந்துப் பலகையும் இருக்கிறது. கறையான் தொடாது, சூட்டில் இவ்வளவு நீளாது. ஆனால் பெயின்ற் அடிக்க வேண்டும், பாரமும் கூட.

போட்ட பிறகு செய்ய வேண்டியது சொற்பம்தான், ஆனால் இல்லை என்றில்லை. மாரிக்கு முன்னும் பின்னும் சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான தும்புத்தடியும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இடைவெளிகளில் சிக்கும் வேப்பம் சருகையும் மணலையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் தங்குவது அவற்றால்தான். கறி எண்ணெயும் வெற்றிலைச் சாறும் விழுந்தால் அன்றே துடைக்க வேண்டும். நுளம்புச் சுருளைத் தட்டு இல்லாமல் வைக்க வேண்டாம், சாம்பிராணிச் சட்டியை நேரே வைக்கவே வேண்டாம். தணல் பட்ட இடம் உருகிப் பள்ளமாகும், அந்தத் தழும்பு போகாது. அதற்காகவே வாங்கும்போது நாலைந்து பலகை மேலதிகமாக வாங்கி வீட்டில் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே கம்பனி, அதே நிற இலக்கம் என்று கொண்டு வந்தாலும் புதிய தொகுதியின் நிறம் பழையதோடு ஒத்துப்போகாது. வைக்கும்போது சுவரில் சாய்த்து வைக்காமல் சமநிலத்தில் படுக்க வையுங்கள். சாய்த்து வைத்தால் கச்சான் காலம் முடியுமுன் வளைந்துவிடும்.